வாத்தியார் கண்ட கல்வரிசை

பெல்டெர்ரிக் ஊரில் மண்ணை வெட்டி அடுப்பு எரிப்பார்கள். அயர்லாந்தின் வடமேற்கில், மேயோ மாவட்டத்தின் வடகரையில், அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் சிற்றூர் அது. ஒரு சின்னத் துறை, தள்ளித் தள்ளிக் கட்டிய வீடுகள், மேய்ச்சலில் ஆடுகளும் மாடுகளும், ஓயாத காற்று. ஐரிஷ் மொழி பேசும் பகுதி என்று அரசு வரையறுத்த ஊர்களில் ஒன்று. அந்த மொழியில் ஊரின் பெயர் பேல் டெர்க். மரம் அரிதான அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகக் குளிரை விரட்டிவந்தது ஊரைச் சுற்றிக் கறுத்துப் படர்ந்திருக்கும் சதுப்பின் மண்தான். அதை அவர்கள் டர்ஃப் என்கிறார்கள்.

மண் என்று சொன்னாலும் அது மண் இல்லை. இறந்த செடிகள் மக்கிப் போகாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் குவியல். நிலக்கரி ஆவதற்கு முந்தைய முதல் படி என்று சொல்லலாம். வெட்டியெடுக்கும்போது அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெண்ணெயைக் கத்தியால் வகிர்வது போல வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது, பெயர் ஷ்லான். நீண்ட கைப்பிடி, குறுகிய அலகு, அலகின் ஓரத்தில் செங்கோணமாக ஒரு இறக்கை. ஒருமுறை அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒரே வெட்டில் அறுபட்டு, செங்கல்லைவிட நீளமான ஒரு பாளம் கையோடு வரும்.

வசந்தம் முடியும் நாட்களில் வெட்டு தொடங்கும். ஒருவர் வெட்டுவார், இன்னொருவர் பாளத்தை வாங்கி மேலே போடுவார், மற்றவர்கள் பரப்புவார்கள். அக்கம்பக்கத்தார் கைகோத்து ஒருவருக்கொருவர் வேலை செய்துகொடுக்கும் இந்த வழக்கத்துக்கு ஐரிஷ் மொழியில் மெஹல் என்று பெயர். மேல்தோல் காய்ந்ததும் பாளங்களைத் தூக்கி நான்கைந்தாக ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவார்கள், காற்று உள்ளே புகுந்து போக. குனிந்து குனிந்து செய்யவேண்டிய வேலை, முதுகு ஒடிந்துவிடும். அது முடிந்து, நன்றாகக் காய்ந்ததை வீட்டுப் பக்கம் கொண்டுவந்து போராக அடுக்கினால் அடுத்த குளிர்காலத்துக்குக் கவலை இல்லை.

ஒவ்வொரு ஆண்டும் வெட்டுமுகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும். மேலிருந்து அடிவரை வெட்டி முடித்த இடத்தில் சதுப்பின் அடித்தரை வெளியே வரும். அந்தத் தரையை நேராகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் டர்ஃப் வெட்டுகிறவர்கள்தான். 1930களில் அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் பேட்ரிக் கால்ஃபீல்ட்.

வெட்டும்போது அவருடைய கருவி கல்லில் இடித்தது. அந்த ஊரில் எத்தனையோ பேருக்கு இடித்த கல்தான். அவர்களுக்கு அது வேலைக்குத் தொந்தரவு, அலகு மழுங்கும். வாத்தியார் அதைக் கொஞ்சம் நின்று பார்த்தார். கற்கள் தாறுமாறாகக் கிடக்கவில்லை; ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, வரிசையாக நீண்டன. மலையிலிருந்து உருண்ட கல் அப்படிக் கிடக்காது, யாரோ அடுக்கியிருக்க வேண்டும். அந்த வரிசைக்கு மேலே, இதுவரை எந்தக் கருவியும் தொடாத சதுப்பு ஆள் உயரத்துக்கு நின்றது. சதுப்பைத் தோண்டிப் புதைத்த தடயம் இல்லை. அப்படியானால் சதுப்பு வளர்வதற்கு முன்பே கல் அங்கே இருந்திருக்கிறது. சதுப்புக்கு என்ன வயதோ, அதைவிடக் கல்வரிசைக்கு வயது அதிகம்.

இந்த இரண்டு மூன்று வரி யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை, பட்டம் இல்லை. எது எதன்மேல் கிடக்கிறது என்பதைக் கவனித்து, அதிலிருந்து எது முந்தியது என்று சொல்வது தொல்லியலின் முதல் பாடம், நிலவியலுக்கும் அதுவே. வாத்தியார் அந்தப் பாடத்தைச் சதுப்பிலிருந்து நேராகக் கற்றார். டப்ளினில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு எழுதியும் போட்டார். அப்போது அதன்பின் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கல்வரிசை இருட்டில் இன்னும் கொஞ்ச காலம் கிடந்தது.

*

அந்தக் கல்வரிசை ஒரு பழைய வேலி. சதுப்பு எப்படி ஒரு வேலியை விழுங்கும்?

மேற்கு அயர்லாந்தின் சில பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 225 நாட்கள் மழை பெய்கிறது. அடித்துப் பெய்யும் மழை குறைவு; நசநசவென்று விடாமல் பெய்வதுதான் அதிகம். இப்படி இடைவிடாமல் இறங்கும் தண்ணீர் மேல்மண்ணில் உள்ள இரும்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் அந்த இரும்பு மறுபடி படிந்து, துருப்பிடித்த தகடு போல மெல்லிய கடின அடுக்காக இறுகிவிடும். அதன்பின் தண்ணீருக்குக் கீழே இறங்க வழி இல்லை. மண் எப்போதும் ஊறியே கிடக்கும். ஊறிய மண்ணில் காற்று இருக்காது. காற்று இல்லாத இடத்தில் செத்த இலையை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சரியாக வேலை செய்யாது.

அந்தச் சமயம் பார்த்து வருவது ஸ்பாக்னம் பாசி. விரல் நீளச் செடி, வேர் கிடையாது. அதன் உடலில் பாதிக்கு மேல் வெறும் கூடுகள்: உயிரற்ற, துளையுள்ள செல்கள், தண்ணீர் பிடித்துவைப்பதற்கென்றே அமைந்தவை. காய்ந்த எடையைப் போல இருபது மடங்கு வரை தண்ணீரைத் தாங்கும். அது இருக்கும் இடம் தானாகவே ஊறிய இடம் ஆகிவிடும். மழைநீரில் உள்ள சொற்பச் சத்துகளை உறிஞ்சிக்கொண்டு பதிலுக்கு அமிலத்தை வெளியே விடும். அந்தப் புளிப்பில் மற்றச் செடிகளும் நுண்ணுயிர்களும் தடுமாறும். அதாவது தான் வாழ்வதற்கான ஈரத்தையும் புளிப்பையும் இந்தப் பாசி தானே உண்டாக்கிக்கொள்கிறது. மேல்நுனி வளர, அடிப்பகுதி சாகும், செத்தது மக்காது, அதன்மேல் அடுத்தது வளரும். நல்ல வளர்ச்சி என்றால்கூட ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். ஒரு மனித ஆயுளில் சாண் உயரம்கூட ஏறாது. ஆனால் அதற்கு அவசரம் இல்லை. மேயோவின் வடகரையில் சில இடங்களில் அது நான்கு மீட்டர் தடிமன் வரை ஏறியிருக்கிறது. மேடு பள்ளம் பார்க்காமல் நிலத்தின்மேல் கம்பளி போர்த்தியது போலப் படர்வதால் இதைப் போர்வைச் சதுப்பு என்கிறார்கள்.

மக்கவிடாத இந்தக் குணம் எவ்வளவு வலியது என்பதற்கு அயர்லாந்தில் ஒரு சாட்சி உண்டு: சதுப்பு வெண்ணெய். பழங்காலத்தில் மரத்தொட்டியில் வைத்துச் சதுப்புக்குள் புதைத்த வெண்ணெய், டர்ஃப் வெட்டும்போது இன்றும் கிடைக்கிறது. வெளுத்து, மெழுகு போல மாறியிருக்கும். கரிமக் காலக்கணிப்பில் சில கட்டிகளின் வயது 3,500 ஆண்டுகளைத் தாண்டுகிறது. கெடாமல் வைக்கப் புதைத்தார்களா, தெய்வத்துக்குப் படைத்தார்களா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை.

ஆனால் சதுப்பு எல்லாவற்றையும் ஒரேமாதிரி காப்பதில்லை. வெண்ணெயைக் காக்கும், மரத்தைக் காக்கும், தோலைக் காக்கும், மகரந்தத்தைக் காக்கும். அதே புளிப்பு எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அந்தக் கல்வேலிகளுக்குள் மேய்ந்த மாடுகளின் எலும்பைத் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். வேலி மிஞ்சியது, மேய்ந்தது மிஞ்சவில்லை.

*

வாத்தியாரின் மகன் ஷேமஸ் கால்ஃபீல்ட் தொல்லியல் படித்தார். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆசிரியரும் ஆனார். 1970களில் அப்பா சொன்ன கற்களைத் தேடிச் சொந்த ஊருக்குத் திரும்பிவந்தார்.

அவர் முன்னால் இருந்த சிக்கலை நினைத்துப் பாருங்கள். மேலே சமதளமாக, புல்லும் பாசியும் மூடிய சதுப்பு. கீழே எங்கோ வேலிகள். எத்தனை, எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று யாருக்கும் தெரியாது. பல சதுர கிலோமீட்டர் சதுப்பைத் தோண்டிப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. அதற்குப் பணமும் ஆளும் போதாது. தோண்டினால் இத்தனை காலம் காத்துவைத்த சதுப்பையே அழிக்கவேண்டியிருக்கும்.

வழி ஊர்க்காரர்களிடம் இருந்தது. சதுப்புக்குள் பழைய மரங்கள் புதைந்து கிடக்கும், பைன், ஓக். கூரைக்கும் விறகுக்கும் அந்த மரத்தை எடுக்க, நீண்ட இரும்புக் கம்பியைச் சதுப்புக்குள் குத்திக் குத்திப் பார்ப்பது அந்தப் பகுதியின் பழைய பழக்கம். மெத்தென்று இறங்கிக்கொண்டே போனால் ஒன்றுமில்லை. தட்டி நின்றால் ஏதோ இருக்கிறது. ஷேமஸ் அதே கம்பியைக் கையில் எடுத்தார்.

முறை எளிமையானது. கயிறு பிடித்து நேர்க்கோட்டில் நடந்து, அடிக்கொரு தரம் கம்பியை இறக்க வேண்டும். உதாரணத்துக்கு, இரண்டு மீட்டர் ஆழத்தில் தரை தட்டுகிறது, அடுத்த அடியிலும் இரண்டு மீட்டர், அதற்கடுத்தும் அப்படியே. திடீரென்று ஒன்றரை மீட்டரிலேயே 'டக்' என்று நிற்கிறது. அடுத்ததும் அப்படி. பிறகு மறுபடி இரண்டு மீட்டர். இரண்டுக்கும் இடையே புதைந்திருப்பது அரை மீட்டர் உயர வேலி. அந்த இடத்தில் ஒரு குச்சியை நட வேண்டும். கொஞ்சம் தள்ளி மறுபடி ஒரு வரிசை, மறுபடி ஒரு குச்சி. நாள் முழுக்கக் குத்திவிட்டு மாலையில் திரும்பிப் பார்த்தால், சதுப்பின்மேல் குச்சிகள் நேர்க்கோடாக ஓடும். கண்ணுக்குத் தெரியாத வேலி, தன் வடிவத்தை மேலே காட்டிவிடும். ஒரு கல்லும் அசையவில்லை, ஒரு கூடை மண்கூட வெட்டவில்லை. கோடைக்குக் கோடை மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து இப்படிக் குத்திக்கொண்டே போனார்கள்.

பெல்டெர்ரிக்கில் தொடங்கிய தேடல் கிழக்கே, பாலிகாசல் கிராமத்துக்குப் போகும் வழியில் உள்ள மலைச்சரிவுக்கு நகர்ந்தது. அங்கே கரை 110 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையாக எழுந்து நிற்கிறது. அதன் பின்னே சதுப்பு மூடிய சரிவு. அந்த இடத்தின் பெயர் கேஜ. ஐரிஷ் மொழியில் உச்சி தட்டையான குன்று என்று பொருள். அங்கே கம்பி காட்டிய படம் யாரும் எதிர்பார்க்காதது. கடலிலிருந்து மேட்டை நோக்கி, ஒன்றுக்கொன்று இணையாக நீண்ட வேலிகள். சில இரண்டு கிலோமீட்டர் வரை ஓடின. இரண்டு வேலிகளுக்கு இடையே நூறு மீட்டருக்கு மேல் அகலம். இந்த நீண்ட பட்டைகளைக் குறுக்கு வேலிகள் வயல்களாகத் துண்டுபோட்டன. சில வயல்கள் ஏழு ஹெக்டேர் அளவு. மொத்தப் பரப்பு ஆயிரம் ஹெக்டேருக்குக் குறையாது.

ஒரு குடும்பம் தன் தேவைக்குக் கல் எடுத்து வைத்து, பக்கத்து வீட்டார் இன்னொன்று வைத்து, காலப்போக்கில் ஒட்டுப்போட்டு வளர்ந்த வேலி அமைப்பு இப்படி இருக்காது. வளைந்து நெளிந்து, மூலைக்கொரு மாதிரியாக இருக்கும். இங்கே நீண்ட கோடுகள் முதலில் போடப்பட்டன, குறுக்குக் கோடுகள் பிறகு வந்தன. பலர் கூடிப் பேசி, நிலத்தை அளந்து, பங்கிட்டு, ஒப்புக்கொண்டபடி கல் சுமந்திருக்கிறார்கள் என்று ஷேமஸ் கருதினார். காவல் கோட்டை, அகழி என்று எதுவும் அங்கே தென்படவில்லை. வீடுகள் வயல்களுக்கு நடுவே தனித்தனியாக இருந்திருக்கின்றன. பயமில்லாமல் வாழ்ந்த மக்கள் என்பது அவருடைய முடிவு.

*

யார் அவர்கள்?

கேஜயின் வேலிகளுக்கு ஷேமஸும் அவருடைய கூட்டாளிகளும் கணித்த காலம் கி.மு. 3700 முதல் 3200 வரை. அயர்லாந்தில் வேளாண்மை காலூன்றிய காலம் அது. அந்தத் தீவில் காட்டு மாடு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆகவே அங்கே மேய்ந்த முதல் மாடு படகில் வந்திருக்கிறது. தோலால் மூடிய படகாகவோ மரப்படகாகவோ இருக்கலாம். கால் கட்டிய கன்றுகளை ஏற்றிக்கொண்டு கடலைத் தாண்டி வந்த அந்தப் பயணத்தை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோதுமை விதையும் பார்லி விதையும் அப்படித்தான் வந்தன. வந்தவர்களின் மரபணுவை டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வாசித்தபோது, அவர்களுடைய முன்னோர் வழி அண்மைக் கிழக்கு நாடுகளை, வேளாண்மை பிறந்த நிலத்தை நோக்கிப் போனது. இன்றைய ஐரிஷ் மக்களின் முன்னோர் பெரும்பாலும் அதற்குப் பின்னால், வெண்கலக் காலத்தில் வந்து சேர்ந்தவர்கள்.

அதற்கும் முன்னால் அந்தக் கரை வெறுமையாக இல்லை. பெல்டெர்ரிக் துறையின் ஓரத்திலேயே, வேளாண்மைக்கு முந்தைய மக்கள் தங்கிய இடம் ஒன்றை கிரேம் வாரன் என்ற தொல்லியலாளர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தார். கல்லைச் செதுக்கிக் கருவி செய்து, கடலையும் கரையையும் நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். அதே துறையில் இன்றும் படகு இறங்குகிறது.

எலும்பு கரைந்துபோன இடத்தில் மாடு வளர்த்தார்கள் என்று எப்படித் தெரியும்? மகரந்தம் சொல்கிறது. மகரந்தத் துகளின் வெளி ஓடு உயிருலகம் உருவாக்கும் மிக உறுதியான பொருள்களில் ஒன்றால் ஆனது. சதுப்பில் ஆயிரமாயிரம் ஆண்டு அப்படியே கிடக்கும். ஒவ்வொரு செடிக்கும் அதன் துகளின் வடிவம் வேறு. சதுப்பைக் குழாயால் துளைத்து நீளத் தண்டாக எடுத்து, அடியிலிருந்து மேல்வரை துண்டு துண்டாக நுண்ணோக்கியில் பார்த்தால், அந்த நிலத்தில் எந்த நூற்றாண்டில் என்ன வளர்ந்தது என்று வாசித்துவிடலாம். கால்வே பல்கலைக்கழகத்தின் கேரன் மல்லாயும் மைக்கேல் ஓகானலும் கேஜயில் அதைச் செய்தார்கள். அடியில் பைனும் பிர்ச்சும் நிறைந்த காடு. பிறகு மரங்களின் மகரந்தம் மளமளவென்று சரிகிறது; புல்லும், மேய்ச்சல் நிலத்தில் செழிக்கும் ஒருவகை வாழைப்பூண்டும் பெருகுகின்றன. தானிய மகரந்தம் கொஞ்சம்தான். காட்டை அழித்து, பெரும்பாலும் மாடு மேய்த்து, சிறிதளவு பயிர் செய்த மக்கள் அவர்கள். சில நூறு ஆண்டுகள் கழித்து மேய்ச்சலின் அடையாளங்கள் மங்குகின்றன. மரங்கள் திரும்பிவருகின்றன. அதன்பின் சதுப்பு.

ஒரு கேள்வி இங்கே எழும். சதுப்பு வந்ததால் மக்கள் போனார்களா, மக்கள் செய்த வேலையால் சதுப்பு வந்ததா? மரம் என்பது தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்கும் எந்திரம். காட்டை வெட்டினால் அத்தனை நீரும் நிலத்திலேயே நிற்கும், இரும்புத் தகடு விரைவாக இறுகும். அந்த மக்கள் தாங்கள் அறியாமலே தங்கள் வயலுக்குக் குழி பறித்திருக்கலாம். ஆனால் யாரும் கால் வைக்காத இடங்களிலும் சதுப்பு வளர்ந்திருக்கிறது. மழையும் குளிரும் கூடியதுமே போதுமான காரணம் ஆகலாம். இரண்டும் சேர்ந்துதான் என்று பலர் நினைக்கிறார்கள்; எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

காலக் கணிப்பில் ஒரு சச்சரவும் உண்டு. சதுப்பு கொஞ்சம் வளர்ந்தபின் அதன்மேல் பைன் மரங்கள் முளைத்து, பிறகு அவையும் மூழ்கின. பெல்டெர்ரிக் சதுப்பில் கிடைத்த ஒரு பைன் மரத்தின் வயது ஏறத்தாழ 4,300 ஆண்டு. மரம் சதுப்பின்மேல், சதுப்பு வேலியின்மேல். ஆகவே வேலி மரத்துக்கு மூத்தது. வாத்தியாரின் அதே தர்க்கம். ஆனால் ஆண்ட்ரூ விட்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட கட்டுரையில், காலம் கணிக்கப்பட்ட பொருள்களுக்கும் வேலிகளுக்கும் உள்ள தொடர்பு நினைத்த அளவு உறுதியானதில்லை, வேலிகள் வெகுவாகப் பிந்தியவையாக, வெண்கலக் காலத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று வாதிட்டார். சரியென்றால் வேலிகள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இளமையாகிவிடும். சதுப்பு சொல்வது 'எனக்கு முன்னால்' என்பதை மட்டுமே. எவ்வளவு முன்னால் என்று அது சொல்வதில்லை. விடை காண, வேலியின் அடியிலேயே அகப்பட்ட மரத்துண்டும் கரித்துகளும் இன்னும் நிறையக் கிடைக்க வேண்டும்.

*

வேலிகளைச் சதுப்பு மூடியபின்னும் மனிதர்கள் அந்த மண்ணை விட்டுவிடவில்லை. பெல்டெர்ரிக்கிலேயே ஷேமஸ் அகழ்ந்த ஓரிடத்தில் வெண்கலக் கால வட்ட வீடு ஒன்று கிடைத்தது. தானியம் அரைத்த கல்லும் இருந்தது. அருகே நீண்ட வரப்பும் வாய்க்காலுமாக மேடுகட்டிய பாத்திகள். ஈரத்திலிருந்து வேரைக் காப்பாற்ற மண்ணை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாத்திகளைப் பார்த்ததும் மேயோக்காரர் எவருக்கும் இன்னொரு பாத்தி நினைவுக்கு வரும். மலைச்சரிவுகளில் சாய்ந்த வெயில் விழும் நேரத்தில், புல்லுக்கு அடியில் சீப்பு வாரியது போலக் கோடுகள் தெரியும். உருளைக்கிழங்கு நட்ட பாத்திகள், பஞ்சத்துக்கு முந்தியவை. கடற்பாசியைச் சுமந்துவந்து உரமாகப் போட்டு, சதுப்பின் ஓரத்தைக்கூட விடாமல் கிழங்கு போட்டு வாழ்ந்த காலம். நிலம் பண்ணையாருடையது, ஊரார் அதைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து, நல்லதும் கெட்டதும் எல்லோருக்கும் கிடைக்கும்படி துண்டுதுண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். 1845இல் கிழங்கில் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் நோயாக இறங்கியது. செடி ஒரு வாரத்தில் கறுத்து அழுகியது. வேறு உணவு வாங்க அவர்களிடம் காசு இல்லை. தானியம் மட்டும் நாட்டிலிருந்து கப்பலேறிக்கொண்டே இருந்தது. 1841இல் மேயோவில் ஏறத்தாழ 3,89,000 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டில் அது 2,75,000க்கும் கீழே போனது. செத்தவர்கள் பாதி, கப்பலேறியவர்கள் பாதி என்று பிரித்துச் சொல்வதற்குக்கூட யாரும் சரியாகக் கணக்கு வைக்கவில்லை. அந்த ஓட்டம் பஞ்சத்தோடு நிற்கவும் இல்லை. இன்று அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,38,000.

ஆகவே அந்தச் சரிவில் கைவிடப்பட்ட வயல்கள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. மேலே பஞ்சத்தின் பாத்திகள், கீழே கற்கால வேலிகள். மேயோ என்ற பெயரே ஐரிஷ் மொழியில் யூ மரங்கள் நின்ற சமவெளி என்று பொருள்படும். மரமே இல்லாத கரைக்கு மரத்தின் பெயர்.

கற்களால் எழுதும் பழக்கம் அந்தக் கரையை விட்டுப் போகவில்லை. இரண்டாம் உலகப்போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. மேலே பறக்கும் விமானிகளுக்கு இது எந்த நாடு என்று தெரியவேண்டும் என்பதற்காக, கடற்கரை முழுவதும் வெள்ளைக் கற்களை அடுக்கி நாட்டின் பெயரையும் ஒரு எண்ணையும் பெரிதாக எழுதினார்கள். பாலிகாசலை அடுத்த டவுன்பேட்ரிக் முனையில் உள்ளதன் எண் 64. போர் முடிந்தபின் இப்படிப்பட்ட எழுத்துகள் பலவற்றைப் புல் மூடிவிட்டது. பிற்காலத்தில் தன்னார்வலர்கள் தேடித் துலக்கினார்கள். புல்லுக்கு எழுபது எண்பது ஆண்டு போதுமாக இருந்தது என்றால், சதுப்புக்குக் கிடைத்த காலத்தை யோசித்துக்கொள்ளலாம்.

*

ஷேமஸ் நடத்திய நீண்ட முயற்சியின் பயனாக, 1993இல் கேஜயில் அரசு ஒரு பார்வையாளர் மையம் திறந்தது. பாதி சதுப்புக்குள் புதைந்து, பாதி பிரமிடாக எழுந்து நிற்கும் கட்டடம். நடுவே அந்த 4,300 ஆண்டுப் பைன் மரம் நிற்கிறது. கண்ணாடி வழியாகக் கடலும் பாறையும் தெரிகின்றன. அதே காலத்தில் பாலிகாசலில் ஓவியர்களைத் தங்கவைத்து வேலை செய்யவிடும் பாலிங்லென் கலை அறக்கட்டளை தொடங்கியது. இளைஞர்கள் வெளியேறிக்கொண்டே இருந்த ஒரு மூலைக்கு ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள். ஊர்களைக் காப்பாற்ற இதுவே போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே வருவதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

டர்ஃப் கதைதான் இப்போது திருப்பத்தில் நிற்கிறது. உலகின் நிலப்பரப்பில் இப்படிப்பட்ட சதுப்பு மூன்று சதவீதத்தில்தான் இருக்கிறது. ஆனால் மண்ணில் அடைந்துள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்குள் இருக்கிறது. வெட்டி வடித்துக் காயவிட்டால், மக்காமல் இருந்ததெல்லாம் மக்கத் தொடங்கி, கரியமில வாயுவாக வானுக்குப் போகும். எரித்தால் உடனே போகும். அயர்லாந்தில் 1946இல் அரசே போர்ட் நா மோனா என்ற நிறுவனத்தை அமைத்து, எந்திரங்களால் சதுப்பைச் சுரண்டி மின்சாரம் எடுத்தது. பெல்டெர்ரிக்குக்குத் தெற்கே, பெல்லகோரிக் சதுப்பின் நடுவே அப்படி ஒரு மின்நிலையம் பல ஆண்டு ஓடி, 2005இல் மூடப்பட்டது. நாட்டின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணை 1992இல் அதே பெல்லகோரிக்கில்தான் நிறுவப்பட்டது. 2021இல் அந்த நிறுவனம் சதுப்பு வெட்டுவதையே முறைப்படி நிறுத்திவிட்டது. வடிகால்களை அடைத்துச் சதுப்பை மறுபடி ஊறவைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறது.

குடும்பங்களின் சொந்த வெட்டு வேறு விஷயம். பரம்பரை உரிமையாக ஒரு வெட்டுமுகம் வைத்திருப்பவர் தன் அடுப்புக்கு வெட்டிக்கொள்ளலாம். கடைகளில் டர்ஃப் விற்பதை 2022 முதல் சட்டம் தடுக்கிறது. நகரத்துக் கணக்கில் இது சரியான முடிவு, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒரு வயதானவர் வீட்டில் அந்த நெருப்பு அணையும்போது, சூடு மட்டும் போவதில்லை. எந்த வெட்டுமுகம் யாருடையது, எங்கே மரம் புதைந்திருக்கிறது, எந்த ஆழத்தில் நிறம் மாறும் என்று கையால் அறிந்திருந்த அறிவும் போகிறது. அந்த அறிவு இல்லாதிருந்தால் வாத்தியார் கல்லைத் தாண்டிப் போயிருப்பார், மகன் கையில் கம்பி இருந்திருக்காது.

கேஜயில் வேலிகளில் மிகச் சில இடங்களை மட்டுமே திறந்து காட்டியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் சதுப்புக்குள் அப்படியே கிடக்கிறது, வேண்டுமென்றே விட்டுவைத்தது. சுற்றிக்காட்ட வருகிறவர் நீளக் கம்பி ஒன்றைப் பார்வையாளர் கையில் கொடுப்பதுண்டு. ஊன்றி அழுத்தினால் அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். ஒரு முழம், இரண்டு முழம், ஆள் உயரம். கீழே தரையைத் தொடும்போது மந்தமாக நிற்கும். ஒரு எட்டு நகர்ந்து மறுபடி இறக்கினால், பாதியிலேயே உள்ளங்கையில் அதிர்ந்து நிற்கும். யாரோ தூக்கிவந்து வைத்த கல், வைத்த இடத்திலேயே இருக்கிறது.